காதர் பாயின் இறக்கைக்கு மரம் பார்த்தது

ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் கதவுக்கோ கட்டிலுக்கோ மரம் பார்த்துச் சொல்லச் சொல்லித்தான் வந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் விமானத்துக்கு மரம் வேண்டும் என்று வந்தார். அந்த விமானம் பறந்த படம் இப்போது கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் நான் வேலை பார்த்த மர யார்டில் இருக்கும் பிள்ளைகள் வழியில் என்னைக் கண்டால் நிறுத்திவிடுகிறார்கள். "அண்ணாச்சி, நெசமாவே மரத்துலயா செஞ்சாரு? என்ன மரம்?" டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சிக் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன் நான். ஆரம்பத்தில் தடி உருட்டினேன், பட்டை உரித்தேன், மெஷினில் நின்றேன். பிறகு மரத்தைத் தரம் பிரிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். கடைசி வரைக்கும் அதுதான். கேரளாவிலிருந்து செங்கோட்டை வழியாக மட்டி மரத் தடிகள் லோடு லோடாக வரும். அவற்றை முழ நீளத்துக்குத் துண்டு போட்டு மெஷினில் சுழல விட்டால், பாயைப் பிரிப்பதுபோல மரம் மெல்லிய தாளாகப் பிரிந்துகொண்டே வரும். அந்தத் தாளை நறுக்கினால் குச்சி. இதில் தரம் பிரிக்கிறவன் பார்க்க வேண்டியது ஒன்றைத்தான். மரத்தின் நார் நேராக ஓடுகிறதா, சாய்ந்து ஓடுகிறதா? நார் சாய்ந்த மரத்தில் செய்த குச்சியை உரசினால் பாதியில் ஒடியும். எரிகிற தலை தெறித்து உரசியவர் மேலேயே விழும்.

யார்டு சூப்பர்வைசர் தங்கையா அண்ணாச்சிக்கு இடது புருவத்தில் கொஞ்சம் முடி கிடையாது. சின்ன வயதில் அப்படித் தெறித்த தலைதான் காரணம் என்று சொல்வார்கள். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் லோடு இறங்கும்போது அவர் நிற்கிற நிலையிலேயே அது தெரியும். சத்தம் போட மாட்டார். தடியின் வெட்டுமுகத்தை விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு துண்டைக் கோடாலியால் பிளக்கச் சொல்லி, பிளவு எப்படி ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து மைப் பேனாவை எடுத்து, இழைத்த பக்கத்தில் ஒரு சொட்டு விடுவார். மை நாரைப் பிடித்துக்கொண்டு ஓடும். மரத்தின் விளிம்புக்கு இணையாக ஓடினால் தலையசைப்பார். சாய்ந்து ஓடினால் அந்தத் தடியை ஒதுக்கச் சொல்வார். கடைசியில் ஒரு குச்சியை எடுத்து மெதுவாக வளைத்து ஒடிப்பார். ஒடிந்த இடத்தில் நீள நீளமாக நார் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிஸ்கட்டை ஒடித்ததுபோலச் சட்டென்று மொட்டையாக ஒடிந்தால் அது குப்பைக்குப் போகும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு தேக்குத் தடியைக் காட்டி, "இது நல்ல மரந்தான அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார்.

கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவர் அடுத்த தடிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகும் யார் எந்த மரத்தை நல்ல மரம் என்று சொன்னாலும் அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்பார். கேலியாகக் கேட்க மாட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல, பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்பார்.

காதர் பாய் வந்தது நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் கழித்து. விருதுநகரில் அவருக்கு இரும்புச் சாமான் கடை இருக்கிறது. அதற்கு முன்னால் விமானப் படையில் விமானங்களின் உடம்பைப் பழுது பார்க்கிற வேலையில் இருந்தவர். குள்ளமான, நிதானமான ஆள். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "அண்ணே, ஏரோப்ளேன் செய்யப் போறேன். அதுக்கு மரம் பாக்கணும்" என்றார்.

"பள்ளிக்கூடத்துல வைக்கிற மாதிரியா பாய்?"

"இல்லண்ணே. நான் உக்காந்து ஓட்டுறது. ஒத்தை ஆளு. வெளிநாட்டுல வீட்டுலயே செய்றாக. பிளான் வாங்கி வச்சிருக்கேன்."

நான் சிரிக்கவில்லை. என் வாய் தானாகவே, "மரம் எதுக்கு? எந்தப் பாகத்துக்கு?" என்று கேட்டது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரின் பழைய தாள் ஒன்றைக் கிழித்துத் தரச் சொல்லி, அதன் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தார்.

இறக்கைக்குள் நீளவாக்கில் ஒரு கட்டை ஓடுகிறது. அதற்கு ஸ்பார் என்று பெயர். மீனுக்கு முதுகெலும்பு மாதிரி. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையப் பார்க்கும். அப்போது ஸ்பாரின் மேல்பக்கம் நசுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். இரண்டையும் ஒரே கட்டை தாங்க வேண்டும். கனமாகவும் இருக்கக் கூடாது. "அது போச்சுன்னா எல்லாம் போச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

நாற்பது வருடம் தீக்குச்சி பார்த்தவனுக்கு இது புது உலகம். ஆனால் அவர் சொல்லச் சொல்ல, இது ஒரு பெரிய குச்சி என்றுதான் எனக்குப் பட்டது. ஒடிந்தால் தலை தெறிக்கும்.

அடுத்து வந்த மாதங்களில் நாங்கள் மரம் தேடிய விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆர்வம் அடங்குவதில்லை. முதலில் நான் தேக்கைச் சொன்னேன். அவர் ஒரு துண்டை வாங்கிப் பசை போட்டு இன்னொரு துண்டோடு ஒட்டி, காய்ந்ததும் உளியால் நெம்பிக் காட்டினார். சுத்தமாகப் பிரிந்து வந்தது. தேக்கில் இருக்கும் எண்ணெய் பசையைப் பிடிக்க விடவில்லை. கனமும் அதிகம். பிறகு என் பழைய தோழனான மட்டியைக் கொடுத்துப் பார்த்தேன். லேசுதான், நாரும் நேர்தான். இரண்டு செங்கல் மேல் பாலம்போல வைத்து, கடையிலிருந்து போல்ட்டுப் பெட்டிகளைக் கொண்டு வந்து அடுக்கினோம். கொஞ்சம் பெட்டியிலேயே தொய்ந்துபோனது. "தீக்குச்சிக்கு ராசா. நமக்கு ஆகாதுண்ணே" என்றார் பாய். பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பெட்டி அடிக்க வருகிற பைன் மரத்தைப் பார்த்தோம். வேகமாக வளர்ந்த மரம். வருட வளையங்கள் விரலளவு தள்ளித் தள்ளி இருந்தன. சாணுக்குச் சாண் கணு. வளையம் நெருங்கி இருக்கிற மரம், குளிர்தேசத்தில் மெதுவாக வளர்ந்த மரம் வேண்டும் என்றார். எனக்கு அதுவரை வளையத்தின் நெருக்கம் ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

அந்த மரம் கடைசியில் சிவகாசியிலேயே கிடைத்தது. பாயின் நண்பர் செல்வராஜ் அச்சகம் வைத்திருக்கிறார். பல வருடத்துக்கு முன் அவர் அப்பா காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆஃப்செட் மெஷின் வந்தது. அதைத் தாங்கி வந்த பெட்டியின் அடிக்கட்டை ஒன்று, கோடவுனில் பேப்பர் ரீம்களுக்கு அடியில் கிடந்தது. கறுத்துப்போய் ரயில்வே கட்டை மாதிரி இருந்ததை, பாய் ஒரு மூலையில் இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தார். உள்ளே வெண்ணெய் நிறம். கோடு போட்ட நோட்டுத் தாள் மாதிரி நெருக்கமான வளையங்கள். நான் பேனாவை எடுத்து மை விட்டேன். ஒரு முடி அளவுகூடச் சாயாமல் ஓடியது. கணுவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

செல்வராஜ், "இதுவா? எடுத்துட்டுப் போங்க" என்றார்.

பாயின் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் அதை அறுத்து, இழைத்து, இரண்டு பக்க இறக்கைக்கும் ஸ்பார் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பல வாரத்து வேலை. வாரத்துக்கு இரண்டு தடவையாவது பஸ் ஏறிப் போய்விடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மனைவி மும்தாஜ் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார். கடைக் கல்லாவில் உட்காருகிறவர். எந்த போல்ட்டுக்கு எந்த நட்டு என்று பார்க்காமலே எடுத்துக் கொடுப்பார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். இவுக பட்டாளத்துல இருந்தப்ப நான் பயந்ததே இல்ல. அங்கன ஒருத்தர் செஞ்சத நாலு பேரு செக் பண்ணுவாக. இங்கன யாரு இருக்கா?"

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. இம்புட்டு சந்தோசமா இவுகள நான் பார்த்ததில்ல. நீங்க பாருங்க. நீங்க சரின்னு சொன்னா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நான் தீக்குச்சி பாத்தவன்மா" என்றேன்.

"தெரியும். அதனாலதான் கேக்கேன். எதையும் சட்டுன்னு நல்லதுன்னு சொல்ல மாட்டேங்கிறீக."

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். அதுவரை வேடிக்கை பார்ப்பவனாகவே இருந்திருக்கிறேன் என்று தோன்றியது.

ஸ்பாரில் மற்ற பாகங்களை ஒட்டத் தொடங்க வேண்டிய நாள் வந்தது. பசை போடுவதற்கு முன்னால் தூசி இருக்கக் கூடாது என்று மும்தாஜ் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வந்தார். காலை வெயில் ஷெட்டுக்குள் சாய்வாக விழுந்திருந்தது. ஓர் இடத்தில் அவர் கை நின்று நின்று தேய்த்தது.

"இங்கன பென்சில் கோடு போட்டீகளா? அழியவே மாட்டேங்குது."

"நான் அங்க கோடே போடலையே" என்றார் பாய்.

நான் குனிந்து பார்த்தேன். இரண்டில் ஒரு ஸ்பாரின் நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி, நாருக்குக் குறுக்காக, ஒரு முடியை வைத்ததுபோல ஒரு கோடு. ஈரம் பட்டதும் இன்னும் கறுத்தது. துணி காய்ந்த இடத்தில் மறைந்தது. மறுபடி ஈரம் தொட்டால் மறுபடி வந்தது. பாறை மேல் விழுந்த தடிகளில் எப்போதாவது இப்படிப் பார்த்திருக்கிறேன். உள்ளே நார்கள் நசுங்கி மடிந்திருக்கும். வெளியே தோல் சுருக்கம் மாதிரித்தான் தெரியும்.

பாய்க்கு அதற்கு ஆங்கிலப் பெயரே தெரிந்திருந்தது. பயிற்சிக் காலத்தில் அதைத்தான் முதலில் தேடச் சொல்வார்களாம். ஆனால் அன்றைக்கு அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "இழைப்புளி பட்ட தடமா இருக்கும்ணே" என்றார். ஒரு சீவல் எடுத்தார். கோடு அப்படியே இருந்தது. இன்னொரு சீவல். அப்படியே இருந்தது.

பிறகு அந்தக் கட்டையின் முனையில் வெட்டிப் போட்ட மிச்சத்தை எடுத்துச் செங்கல் மேல் வைத்து, பெட்டிகளை அடுக்கினார். அது வளைந்தது, முனகியது, தாங்கியது. பெட்டி மேல் பெட்டியாக வைத்து, கடைசியில் ஒடிந்தபோது நார்கள் ஒரு சாண் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றன.

"பாத்தீகளா? இதே மரந்தான்" என்றார் பாய்.

"இது முனை பாய். கோடு அங்க இருக்கு."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீக?"

நான் ரம்பத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரியும். அந்த இடம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டுமானால் அந்த இடத்தை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டினால், மரம் நன்றாக இருந்தாலும் ஸ்பார் போய்விடும். தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது.

"வேணும்னா செல்வராஜக் கேப்போம். இந்தக் கட்டை எப்படி வந்துச்சுன்னு" என்றேன். கொஞ்சம் நேரம் கடத்தத்தான் அப்படிச் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆனால் தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது.

அச்சகத்தில் செல்வராஜ் யோசித்துப் பார்த்தார். "அந்த மெஷினு எறக்கினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்ப எங்க அப்பா இருந்தாக. லாரியில இருந்து எறக்கும்போது சங்கிலி நழுவி ஒரு பக்கம் டமால்னு கீழ விழுந்துச்சு. எல்லாரும் தலையில கை வச்சிட்டோம். பிரிச்சுப் பாத்தா மெஷினுக்கு ஒரு கீறல் கெடையாது. அப்பா அன்னைக்கு எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தாக."

மெஷினுக்குக் கீறல் இல்லாமல் போனதற்குக் காரணம், அந்த அடியை இந்தக் கட்டை வாங்கிக்கொண்டதுதான். நான் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாய் வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் போனபோது அந்த ஸ்பார் ஸ்டாண்டில் இருந்தது. ரம்பத்தைப் பாய் கையில் வைத்திருந்தார். அவரே அறுத்தார். நல்ல மரத்தை அறுக்கும்போது ரம்பத்துக்கு ஒரு சத்தம் உண்டு. அந்தச் சத்தம்தான் வந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருவேளை நாங்கள் நல்ல மரத்தைத்தான் அறுக்கிறோமோ?

கோடு இருந்த துண்டை அதே செங்கல்களின் மேல் வைத்தார். முனைத் துண்டு தாங்கியதில் பாதிப் பெட்டிகூட ஏறவில்லை. வளையவில்லை. முனகவில்லை. டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பெட்டிகள் தரையில் சரிந்து போல்ட்டுகள் உருண்டன.

மும்தாஜ் இரண்டு பாதிகளையும் எடுத்துப் பொருத்திப் பார்த்தார். பிஸ்கட் மாதிரி மொட்டையாக ஒடிந்திருந்தது. ஒரு நார்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. அவர் கணவரைப் பார்க்கவில்லை. துண்டுகளைக் கீழே வைத்துவிட்டு, "சாப்பிட வாங்க ரெண்டு பேரும்" என்றார்.

அதே அடி வாங்கிய கட்டை என்பதால் மற்ற ஸ்பாரையும் இனி நம்ப முடியாது. பாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சில மாதம் அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு ஒரு நாள் என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டார். "அண்ணே, ஒரே கட்டையா எதுக்கு இருக்கணும்?"

மெல்லிய பட்டைகளாக அறுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டினால் என்ன என்பதுதான் அவர் யோசனை. அவர் பிளானிலேயே அப்படிச் செய்ய இடம் இருந்ததாம். ஒரே கட்டை கிடைத்த சந்தோசத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை என்றார். பட்டையாக அறுத்தால் ஒவ்வொன்றின் இரண்டு பக்கத்தையும் கண்ணால் பார்க்கலாம். எனக்கு உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது. மரத்தைத் தாள் தாளாகப் பிரித்துப் பார்ப்பதுதானே நான் காலமெல்லாம் செய்த வேலை?

தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கத்து மர யார்டுகளில் கப்பலில் வந்த டக்ளஸ் ஃபிர் என்ற குளிர்தேசத்து மரத்தைப் பார்த்தோம். இளஞ்சிவப்புக் கோடுகள், பிசின் வாசம், அந்தப் பழைய பெட்டிக் கட்டையைவிடக் கொஞ்சம் கனம். யார்டுக்காரர் முதலில் வரவேற்று, நாங்கள் கட்டை கட்டையாகப் புரட்டி மை விடுவதைப் பார்த்து ஓய்ந்துபோய், கடைசியில் தானும் குனிந்து எங்களோடு பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அறுத்த பட்டைகளை மும்தாஜ்தான் பார்த்தார். அவரை யாரும் கேட்கவில்லை. காலையில் கடைக்குப் போகும் முன் ஷெட்டுக்கு வந்து, ஒவ்வொரு பட்டையையும் வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, ஈரத்துணி தொட்டு, இரண்டு பக்கமும் பார்ப்பார். சந்தேகம் வந்தால் ஒதுக்கிவிடுவார். "இதுல என்ன இருக்கு?" என்று பாய் வாதாடினால், "எனக்குப் பிடிக்கல" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. ஒதுக்கியவற்றில் சிலவற்றை நானும் பாயும் ஒடித்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் நல்ல மரம்தான். இருந்தாலும் அவற்றைச் சேர்க்கச் சொல்லி அவரிடம் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இறக்கை முடிந்ததும் அதைச் சோதிக்க வேண்டும். செல்வராஜின் கோடவுனில் இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து, விமான உடம்போடு சேரும் பக்கத்தை அசையாமல் பூட்டினோம். பறக்கும்போது காற்று மேலே தள்ளுகிற பாரத்தை, இப்போது கீழே அழுத்துகிற பாரமாகக் கொடுக்க வேண்டும். பாரத்துக்குப் பேப்பர் ரீம். எடை தெரிந்த பாரம் சிவகாசியில் அதைவிட எளிதாக எங்கே கிடைக்கும்? உடம்புப் பக்கம் அதிகமாகவும் நுனிப் பக்கம் குறைவாகவும், பாய் எழுதி வைத்த கணக்குப்படி அடுக்கிக்கொண்டு வந்தோம். இறக்கை நுனி இறங்க இறங்க, சுவரில் அடையாளம் வைத்தார் செல்வராஜ்.

பாதி பாரத்தில் ஒரு சத்தம் கேட்டது. விரலை நெட்டி முறிப்பதுபோல. எல்லோரும் பின்வாங்கினார்கள். பாய் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஸ்பார் பக்கம் காதை வைத்தேன். வேறு சத்தம் இல்லை. "பசை எங்கயோ இடம் பிடிக்குது. அடுக்குங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

கடைசி ரீமை மும்தாஜ் வைத்தார். இறக்கை நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் டீ குடித்தோம். யாருக்கும் டீயில் கவனம் இல்லை. பிறகு ரீம்களை ஒவ்வொன்றாக இறக்கினோம். நுனி மெதுவாக மேலே ஏறி, தொடங்கிய அடையாளத்துக்கே வந்து சேர்ந்தது. நான் ஸ்பாரைத் தட்டிப் பார்த்தேன். உள்பக்கம் விளக்கடித்துப் பார்த்தேன். மும்தாஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா" என்றேன்.

அனுமதி வாங்கிய கதையும், பாய் முறைப்படி ஓட்டக் கற்றுக்கொண்ட கதையும் அவர் எழுத வேண்டியவை. வேறு மாவட்டத்தில் ஒரு தனியார் ஓடுதளத்தில் அந்த நாள் வந்தது. காற்று அடங்கியிருந்த காலை. முதலில் தரையிலேயே இரண்டு தடவை ஓடிப் பார்த்தார். மூன்றாவது தடவை சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவு கனமான இரண்டு வருடம், அவ்வளவு லேசாக எழும்பியது. நான் விமானத்தைப் பார்க்கவில்லை. இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நுனிகள் கொஞ்சம் மேலே வளைந்திருந்தன. கோடவுனில் பார்த்த அதே வளைவு, தலைகீழாக. ஓர் அகலமான சுற்றுப் போட்டுவிட்டு, ஒரு சின்னக் குதிப்போடு இறங்கினார்.

எல்லோரும் அவரிடம் ஓடினார்கள். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு, "மேல குளிருதுப்பா" என்று மட்டும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மும்தாஜ் அந்தக் கூட்டத்துக்குள் போகவில்லை. இறக்கைக்குக் கீழே குனிந்து, உள்ளே ஸ்பார் ஓடுகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து நுனி வரைக்கும் தடவிக்கொண்டே நடந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, பாயையே பார்த்தபடி, அவருக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"அண்ணே, ரெண்டு ஆளு உக்காரணும்னா இன்னும் எம்புட்டு மரம் வேணும்?"